அன்றாட வாழ்வினூடாக ஜப்பானியச் சொற்களைக் கற்றல்

அன்றாட வாழ்வினூடாக ஜப்பானியச் சொற்களைக் கற்றல் என்பது, ஜப்பானில் வாழும் பிறமொழியினர் வகுப்பறைக்கும் பாடநூலுக்கும் வெளியே எதிர்கொள்ளும் சொற்களைக் கவனித்து, பொருள் அறிந்து, மீண்டும் பயன்படுத்தித் தம் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ளும் முறையாகும். தொடர்வண்டி நிலையம், கடை, குப்பை சேர்க்கும் இடம், மருத்துவமனை, ஊர் ஒலிபெருக்கி ஆகியன இச்சொற்கள் கிடைக்கும் முதன்மையான இடங்கள் ஆகும். மொழி கற்பித்தல் ஆய்வில் இது தற்செயல் சொற்கற்றல் எனும் துறையோடு தொடர்புடையது.

இம்முறையின் வலிமை, அடிக்கடி வரும் சொற்கள் முயற்சியின்றித் திரும்பத் திரும்பக் காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஆகும். இதன் குறையும் அதிலிருந்தே தோன்றுகிறது. நிலநடுக்கம், ஒவ்வாமை, மருந்து போன்றவை தொடர்பான இன்றியமையாத சொற்கள் அன்றாடம் வருவதில்லை. அவை தேவைப்படும் நாளில் அவற்றைக் கற்க நேரம் இருப்பதும் இல்லை. எனவே அன்றாட வாழ்வு தானே கற்பிக்கும் சொற்களையும், முன்கூட்டியே தேடிக் கற்க வேண்டிய சொற்களையும் பிரித்தறிவது இம்முறையின் அடிப்படை எனலாம்.

பின்னணி

ஜப்பானிய மொழியை இரண்டாம் மொழியாகக் கற்போரின் திறனை அளக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984 இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் நான்கு நிலைகளைக் கொண்டிருந்த இத்தேர்வு, 2010 இல் ஐந்து நிலைகளாக மாற்றப்பட்டது. அவ்வாண்டு முதல் ஒவ்வொரு நிலைக்கும் உரிய சொற்பட்டியல் அதிகாரபூர்வமாக வெளியிடப்படுவதில்லை. பட்டியலை மனனம் செய்வதைவிட மொழியைப் பயன்படுத்தும் திறனுக்கு முதன்மை தரும் போக்கை இம்மாற்றம் காட்டுகிறது.

1990 இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்தின் பின்னர், ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த பிரேசில், பெரு நாட்டினர் பலர் தொழிற்சாலைகளில் பணிபுரிய ஜப்பானுக்கு வந்தனர். பின்னர் பிற ஆசிய நாடுகளிலிருந்து வந்த தொழிற்பயிற்சியாளர்கள், செவிலியர்கள், மாணவர்கள், மென்பொருள் பொறியாளர்கள் ஆகியோரின் எண்ணிக்கையும் உயர்ந்தது. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டினர் எண்ணிக்கை ஏறத்தாழ 37.7 இலட்சம் ஆகும். இவர்களுள் பலருக்கு முறையான மொழி வகுப்புக்குச் செல்ல நேரம் இருப்பதில்லை. கோமின்கன் எனப்படும் ஊர்ப் பொது மன்றங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் வாராந்திர வகுப்புகளும், அன்றாட வாழ்வுமே அவர்களுக்குப் பள்ளியாகின்றன.

2010 இல் ஜப்பானின் பண்பாட்டு விவகாரங்களுக்கான முகமை, 'வாழ்வோர் என்ற நிலையில் வெளிநாட்டினர்' என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. இது இலக்கண வரிசையை விடுத்து, உடல்நலம், பாதுகாப்பு, நுகர்வு, பயணம் போன்ற வாழ்க்கைச் செயல்களை அடிப்படையாகக் கொண்டது. 2019 சூன் மாதத்தில் ஜப்பானிய மொழிக் கல்வி மேம்பாட்டுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

எழுத்து முறை

ஜப்பானிய மொழி மூன்று வகை எழுத்துக்களைச் சேர்த்து எழுதப்படுகிறது. ஹிரகானா, கத்தக்கானா ஆகிய இரண்டும் அசை எழுத்துக்கள் ஆகும். ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துக்கள் உள்ளன. மூன்றாவதான கான்ஜி சீனத்திலிருந்து பெறப்பட்ட பொருள் எழுத்து ஆகும். பொதுப் பயன்பாட்டுக்கென அரசு அறிவித்துள்ள கான்ஜி எழுத்துக்களின் எண்ணிக்கை 1981 இல் 1945 ஆக இருந்தது. 2010 இல் அது 2136 ஆக உயர்த்தப்பட்டது.

ஒரே கான்ஜி எழுத்து பல சொற்களில் பங்கேற்பதால், ஒரு சொல்லை அறிந்தவர் அதன் உறவுச் சொற்களையும் ஓரளவு ஊகிக்க இயலும். தெருவில் உள்ள அறிவிப்புப் பலகைகள் இத்தகைய ஊகத்துக்கு நல்ல பயிற்சிக் களமாக அமைகின்றன.

இக்கட்டுரையில் ஜப்பானியச் சொற்கள் தமிழ் எழுத்தில் அண்ணளவாகத் தரப்பட்டுள்ளன. கத்தக்கானா என்று எழுதும் தமிழ் வழக்கைப் பின்பற்றி, சொல்லின் இடையில் வரும் வல்லொலிகள் ஒற்று இரட்டித்து எழுதப்பட்டுள்ளன.

சொற்கள் கிடைக்கும் இடங்கள்

தொடர்வண்டி நிலையம்

நாள்தோறும் தொடர்வண்டியில் செல்பவர் முதலில் கற்கும் சொற்களுள் 'குச்சி' என்பதும் ஒன்று. இதன் பொருள் வாய். வேறு சொல்லுடன் சேரும்போது இதன் முதல் ஒலி மென்மையடைகிறது. நிலையத்தில் காணப்படும் பல பலகைகளில் இச்சொல் இடம்பெறுகிறது.

- இரிகுச்சி: நுழைவாயில்
- தெகுச்சி: வெளிவாயில்
- கித்தகுச்சி: வடக்கு வாயில்
- மினமிகுச்சி: தெற்கு வாயில்
- ஹிகஷிகுச்சி: கிழக்கு வாயில்
- நிஷிகுச்சி: மேற்கு வாயில்
- கைஸத்சுகுச்சி: பயணச்சீட்டுச் சோதனை வாயில்
- ஹிஜோகுச்சி: அவசர வெளிவாயில்

வாய் என்னும் உறுப்பின் பெயரே கட்டடத்தின் வழிக்கும் பெயராவது தமிழிலும் உண்டு. வாயில், வாசல் ஆகிய சொற்கள் இவ்வாறு அமைந்தவையே. ஆகவே தமிழர் இக்குடும்பத்தை எளிதில் நினைவில் இருத்தலாம். இப்பட்டியலில் முதல் ஏழு சொற்களும் நாள்தோறும் பயன்படுபவை. எட்டாவது சொல் தீ விபத்தின்போது உயிர் காப்பது. முதல் ஏழையும் அறிந்தவர், எட்டாவதைப் புகை சூழ்ந்த இடத்திலும் ஏதோ ஒரு வாயில் என்று அடையாளம் காண இயலும்.

வண்டியின் வகைகளும் இங்கே கற்கப்படுகின்றன. கக்குஎக்கி தேஷா எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி ஆகும். கைஸொக்கு, கியூக்கோ, தொக்கியூ ஆகியன பல நிலையங்களைத் தாண்டிச் செல்லும் விரைவு வண்டிகள் ஆகும். இவ்வேறுபாட்டை அறியாதவர் தாம் இறங்க வேண்டிய நிலையத்தைக் கடந்து சென்றுவிட நேரிடும். இத்தகைய இழப்புடன் கற்ற சொல் எளிதில் மறப்பதில்லை.

வண்டியின் கதவு மூடும் முன் ஒலிக்கும் அறிவிப்பில் 'ஷிமரு' என்னும் வினை வருகிறது. கதவு தானே மூடுவதை இது குறிக்கும். ஒருவர் கதவை மூடுவதற்கு 'ஷிமெரு' என்பது வினை. அவ்வாறே வண்டி நிற்பது 'தொமரு', வண்டியை நிறுத்துவது 'தொமெரு'. நில், நிறுத்து என்ற தமிழ் வேறுபாட்டை ஒத்த இவ்வினை இணைகள் ஜப்பானிய மொழியில் பல உள்ளன. பாடநூலில் குழப்பம் தரும் இப்பகுதி, கதவின் அருகில் நின்று கேட்பவருக்கு எளிதில் விளங்குகிறது.

கடை

கொன்பினி எனப்படும் சிறு பல்பொருள் கடைகள் ஜப்பானில் 50,000 க்கும் மேல் உள்ளன. பெரும்பாலானவை நாள் முழுவதும் திறந்திருப்பவை. இங்கே பணம் பெறுபவர் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைகின்றன. 'அத்தத்தமெமஸ் கா' என்பது உணவைச் சூடாக்கித் தர வேண்டுமா என்னும் கேள்வி ஆகும். 'ஹஷி' என்பது உணவு உண்ணும் குச்சிகள். 'ஃபுக்குரோ' என்பது பை. 2020 சூலை 1 முதல் கடைகளில் நெகிழிப் பைகளுக்குக் கட்டணம் பெறுவது கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின்னர், பை வேண்டுமா என்ற கேள்வி ஏறத்தாழ ஒவ்வொரு கடையிலும் கேட்கப்படலாயிற்று. ஒரு சட்டம் புதிதாக வந்தோரின் முதற் சொற்களுள் ஒன்றை முடிவு செய்தமைக்கு இது எடுத்துக்காட்டு ஆகும்.

மாலை வேளையில் உணவுப் பொருட்களின் மீது விலைக்குறைப்புச் சீட்டுகள் ஒட்டப்படுகின்றன. 'ஹங்கக்கு' என்பது பாதி விலை. 'வரி' என்பது பத்தில் ஒரு பங்கு. எனவே 'நி வரி' என்பது இரண்டு விழுக்காடு அன்று, இருபது விழுக்காடு ஆகும். இச்சொல்லுக்கும் அரசுக்குச் செலுத்தும் வரிக்கும் தொடர்பு இல்லை.

கடைக் கதவில் தொங்கும் பலகைகள் சொல்லாக்கத்தைக் கற்பிக்கின்றன. 'ச்சூ' என்னும் பின்னொட்டு ஒரு செயல் நடந்துகொண்டிருப்பதைக் குறிக்கும்.

- ஏகியோச்சூ: வணிகம் நடைபெறுகிறது, அதாவது கடை திறந்துள்ளது
- ஜுன்பிச்சூ: ஆயத்தம் நடைபெறுகிறது, அதாவது இன்னும் திறக்கவில்லை
- கோஜிச்சூ: கட்டுமானப் பணி நடைபெறுகிறது
- ஷியோச்சூ: பயன்பாட்டில் உள்ளது
- கொஷோச்சூ: பழுதாகியுள்ளது

உணவுப் பொதியின் சீட்டு

பொதியில் அடைத்த உணவின் மீது இரண்டு வகைத் தேதிகளுள் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 'ஷோமி கிகென்' என்பது சுவை குன்றாதிருக்கும் கடைசி நாள் ஆகும். அந்நாள் கடந்ததும் உணவு உடனே கெட்டுவிடும் என்று பொருளில்லை. 'ஷோஹி கிகென்' என்பது உண்பதற்குப் பாதுகாப்பான கடைசி நாள் ஆகும். இரண்டும் எழுத்திலும் ஒலியிலும் நெருங்கியவை ஆதலால் கவனம் தேவை.

ஒவ்வாமை உள்ளோர் அறிய வேண்டிய சில பெயர்கள், பொதியில் கட்டாயமாகக் குறிப்பிடப்பட வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. தமகோ (முட்டை), நியூ (பால்), கொமுகி (கோதுமை), ஸொபா (ஒருவகைக் கூலம்), ரக்கஸே (நிலக்கடலை), எபி (இறால்), கனி (நண்டு) ஆகியன அவற்றுள் அடங்கும். குருமி (வாதுமைக் கொட்டை வகைகளுள் ஒன்றான அக்ரூட்) 2023 இல் சேர்க்கப்பட்டது. தமிழில் பழத்தைக் குறிக்கும் கனி, ஜப்பானிய மொழியில் நண்டைக் குறிப்பதை மரக்கறி உண்போர் குறித்துக்கொள்ளலாம்.

மரக்கறி உண்போர் பொதுவாக முதலில் கற்பது 'நிக்கு' (இறைச்சி), 'சகனா' (மீன்) ஆகிய சொற்கள் ஆகும். இவை மட்டும் போதுமானவை அல்ல. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான 'தஷி' பெரும்பாலும் 'கத்சுவோபுஷி' எனப்படும் உலர்ந்த சூரை மீன் சீவலிலிருந்து பெறப்படுகிறது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் கூறுபவருக்கு இச்சாற்றில் செய்த உணவு பரிமாறப்பட வாய்ப்புண்டு. ஆகவே தஷி என்னும் சொல்லே அவருக்கு மிகவும் பயன்படுவது ஆகும்.

குப்பை நாட்காட்டி

ஜப்பானிய நகராட்சிகள் வீட்டுக் குப்பையை வகை பிரித்துக் குறிப்பிட்ட நாட்களில் பெறுகின்றன. 'மொயெரு கொமி' எரியும் குப்பை, 'மொயெனை கொமி' எரியாத குப்பை. வினையின் உடன்பாட்டு வடிவமும் எதிர்மறை வடிவமும் அருகருகே நிற்பதால் இவ்விணை இலக்கணப் பாடமாகவும் அமைகிறது. 'ஷிகென் கொமி' மறுசுழற்சிக்குரியது. 'ஸொதை கொமி' அறைகலன் போன்ற பெரிய பொருட்களைக் குறிக்கும்.

நகராட்சி வழங்கும் குப்பை நாட்காட்டி கிழமைப் பெயர்களையும் கற்பிக்கிறது. இப்பெயர்கள் தமிழ்க் கிழமைகளைப் போன்றே ஞாயிறு, திங்கள், கோள்கள் ஆகியவற்றின் பெயரால் அமைந்தவை. வரிசையும் ஒன்றே.

- நிச்சியோபி: கதிரவன் நாள் (ஞாயிறு)
- கெத்சுயோபி: நிலவு நாள் (திங்கள்)
- கயோபி: தீ நாள் (செவ்வாய்)
- ஸுயியோபி: நீர் நாள் (புதன்)
- மொக்குயோபி: மர நாள் (வியாழன்)
- கின்யோபி: பொன் நாள் (வெள்ளி)
- தொயோபி: மண் நாள் (சனி)

கிழக்காசிய மரபில் செவ்வாய் தீக்கோள், புதன் நீர்க்கோள், வியாழன் மரக்கோள், வெள்ளி பொற்கோள், சனி மண்கோள் என வழங்கப்படுகின்றன. இதை அறிந்த தமிழ் மாணவர் ஏழு பெயர்களையும் ஒரே நாளில் கற்றுவிடலாம்.

மருத்துவமனை

மருத்துவப் பிரிவுகளின் பெயர்கள் 'கா' என்னும் பின்னொட்டில் முடிகின்றன. நைக்கா (பொது மருத்துவம்), கெக்கா (அறுவை மருத்துவம்), ஷிக்கா (பல் மருத்துவம்), ஷோனிக்கா (குழந்தை மருத்துவம்) ஆகியவை இவற்றுள் சில.

வலியை விவரிக்க ஜப்பானிய மொழியில் இரட்டைச் சொற்கள் பெரிதும் பயன்படுகின்றன. துடிக்கும் வலி 'ஸுக்கிஸுக்கி', ஊசி குத்துவது போன்ற வலி 'சிக்குச்சிக்கு', தோல் எரிச்சல் 'ஹிரிஹிரி', குமட்டல் 'முக்கமுக்கா' எனப்படும். தமிழில் விண்விண்ணென்று தெறித்தல், சுருக்சுருக்கென்று குத்துதல் என்று கூறுவதைப் போன்றவை இவை. தொடக்கநிலைப் பாடநூல்களில் இச்சொற்களுக்கு இடம் குறைவு. ஆனால் நோயாளி எத்தகைய வலி என்பதைச் சொல்ல இவையே குறுகிய வழி ஆகும்.

மருந்து உறையில் உள்ள மூன்று சொற்கள் குறிப்பாக அறியத்தக்கவை. 'ஷொக்குஸென்' உணவுக்கு முன், 'ஷொக்குகோ' உணவுக்குப் பின். மூன்றாவதான 'ஷொக்கன்', எழுத்தளவில் 'உணவு இடை' என்று பொருள்படும். எழுத்தைக் கொண்டு ஊகிப்பவர், உண்ணும்போது இடையில் மருந்தை விழுங்க வேண்டும் என்று கருதக்கூடும். உண்மையில் இது இரண்டு உணவு வேளைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை, அதாவது உணவுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து என்பதைக் குறிக்கும். ஊகத்தைச் சரிபார்க்காமல் ஏற்கலாகாது என்பதற்கு இச்சொல் தக்க சான்று ஆகும்.

பேரிடர்ச் சொற்கள்

ஜப்பானியச் சொல் ஒன்றை வகுப்பறைக்கு வெளியே தமிழர் பரவலாகக் கற்ற நிகழ்வு 2004 திசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலை ஆகும். சுனாமி என்னும் சொல் அதற்கு முன் தமிழ் மக்களிடையே பெரிதும் அறியப்பட்டிருக்கவில்லை. துறைமுகம் எனப் பொருள்படும் 'சு', அலை எனப் பொருள்படும் 'நமி' ஆகிய இரண்டும் சேர்ந்து இச்சொல் உருவானது. பேரிடருக்குப் பின் கற்ற சொல், பேரிடரின்போது பயன்படவில்லை என்பது இங்கு எண்ணத்தக்கது.

ஜப்பானிலும் இத்தகைய நிலை ஏற்பட்டது. 1995 சனவரி 17 அன்று கோபே நகரையும் சுற்றுப்பகுதிகளையும் தாக்கிய ஹன்ஷின் பெரு நிலநடுக்கத்தின்போது, வெளிநாட்டினர் பலருக்கு அறிவிப்புகள் விளங்கவில்லை. அன்றாட உரையாடலில் ஓரளவு தேர்ந்தவர்களும் 'ஹினன்' (பாதுகாப்பான இடத்துக்கு வெளியேறுதல்), 'யொஷின்' (பின்னதிர்வு) போன்ற சொற்களை அதற்கு முன் கேட்டதில்லை. கடையிலும் தொடர்வண்டியிலும் இச்சொற்கள் வருவதில்லை என்பதே காரணம் ஆகும்.

இதன் விளைவாக, ஹிரொசாக்கி பல்கலைக்கழகத்தின் சமூக மொழியியல் அறிஞர் சதோ கஸுயுக்கியும் அவர்தம் குழுவினரும் 'யஸஷீ நிஹொங்கோ', அதாவது எளிய ஜப்பானிய மொழி என்னும் முறையை உருவாக்கினர். இம்முறையில் அரிய சொற்கள் அன்றாடச் சொற்களால் விளக்கப்படுகின்றன. ஹினன் என்பதற்குப் பதிலாக 'நிகெரு' (தப்பி ஓடு) என்னும் வினை வருகிறது. மேட்டு நிலத்தைக் குறிக்கும் 'தக்கதை' என்பதற்குப் பதிலாக 'தக்கை தொக்கோரோ' (உயரமான இடம்) வருகிறது. யொஷின் என்பது 'பின்னால் வரும் நிலநடுக்கம்' என விளக்கப்படுகிறது. 2016 நவம்பர் 22 அன்று புக்குஷிமா கடற்பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம் தொலைக்காட்சித் திரையில் தப்பி ஓடுமாறு கூறும் 'நிகெத்தே' என்னும் சொல்லைப் பெரிய ஹிரகானா எழுத்துக்களில் காட்டியது. 2020 ஆகத்து மாதத்தில் அரசு முகமைகள் எளிய ஜப்பானிய மொழிக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன.

சொற்களின் குழப்பம் வெளிநாட்டினருக்கு மட்டும் உரியதன்று. நகராட்சிகள் வெளியிட்டு வந்த 'ஹினன் கன்கொக்கு' (வெளியேறப் பரிந்துரை), 'ஹினன் ஷிஜி' (வெளியேறப் பணிப்பு) ஆகிய இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஜப்பானியருக்கே தெளிவாக இல்லை. ஆகவே 2021 மே 20 முதல் பரிந்துரை என்னும் வகை நீக்கப்பட்டு, பணிப்பு மட்டும் நிலைநிறுத்தப்பட்டது. பழைய பாடநூலில் இரண்டையும் கற்றவர் இம்மாற்றத்தை அறிந்திருத்தல் நலம்.

இச்சொற்களை அமைதியான நாட்களில் கற்பதற்கும் வழிகள் உள்ளன. 1923 செப்டம்பர் 1 அன்று நிகழ்ந்து 1 இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கான்தோ பெரு நிலநடுக்கத்தின் நினைவாக, 1960 இல் செப்டம்பர் 1 பேரிடர்த் தடுப்பு நாளாக அறிவிக்கப்பட்டது. அந்நாளையொட்டிப் பள்ளிகளிலும் ஊர்களிலும் ஒத்திகைகள் நடைபெறுகின்றன. பல ஊர்களில் மாலை வேளையில் ஒலிபெருக்கிகளில் இசை ஒலிக்கிறது. குழந்தைகள் வீடு திரும்பும் நேரத்தை அறிவிப்பதோடு, கருவிகள் இயங்குகின்றனவா எனச் சோதிக்கவும் இது பயன்படுகிறது. அவ்வொலிபெருக்கிகளில் வரும் சோதனை அறிவிப்புகளைப் பொருள் அறிந்து கேட்பவர், உண்மையான அறிவிப்பு வரும் நாளில் முதல் சொல்லிலேயே விழிப்படைவார். கைப்பேசிகளில் ஒலிக்கும் 'கின்கியூ ஜிஷின் ஸொக்குஹோ' எனப்படும் உடனடி நிலநடுக்க எச்சரிக்கை, 2007 அக்டோபர் 1 முதல் பொதுமக்களுக்கு வழங்கப்படுகிறது.

கற்கும் முறை

ஓரிடத்தில் வாழ்வதாலேயே அவ்விடத்து மொழி வந்துவிடும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆய்வுகள் இதை முழுமையாக ஏற்பதில்லை. அமெரிக்க மொழியியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட், ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய ஓவியர் ஒருவரின் ஆங்கிலத்தைத் தொடர்ந்து நோக்கி 1983 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வகுப்புக்குச் செல்லாமல் மக்களுடன் பழகியே ஆங்கிலம் கற்ற அவ்வோவியரின் உரையாடல் திறன் நன்கு வளர்ந்தது. ஆனால் இலக்கணத் திருத்தம் மிகக் குறைவாகவே வளர்ந்தது. பின்னர் ஷ்மிட் தாமே பிரேசிலில் போர்த்துக்கீசம் கற்று, நாட்குறிப்பு எழுதினார். பிறர் பேச்சில் தாம் கவனித்ததாகக் குறித்துவைத்த வடிவங்களே பின்னர் தம் பேச்சில் இடம்பெற்றன என்பதை அவரும் சில்வியா ஃபுரோதாவும் 1986 இல் எடுத்துக்காட்டினர். கவனிக்கப்படாத மொழிக்கூறு கற்கப்படுவதில்லை என்னும் அவருடைய கருதுகோள் 1990 இல் வெளியானது.

இதன்படி அன்றாடச் சொற்கற்றல் பின்வரும் படிகளைக் கொண்டது.

1. கவனித்தல்: ஒரு நாளில் திரும்ப வரும் சொல்லைத் தேர்ந்தெடுத்தல். எல்லாவற்றையும் குறிக்க முயல்பவர் விரைவில் கைவிடுகிறார்.
2. ஊகித்தல்: இடம், படம், உடன் வரும் சொற்கள் ஆகியவற்றைக் கொண்டு பொருளை எண்ணிப் பார்த்தல்.
3. சரிபார்த்தல்: அகராதியைப் பார்த்தல் அல்லது அறிந்தவரைக் கேட்டல்.
4. குறித்தல்: சொல்லை மட்டுமன்றி, அது வந்த தொடரையும் இடத்தையும் சேர்த்து எழுதுதல்.
5. பயன்படுத்தல்: ஓரிரு நாட்களுக்குள் அச்சொல்லைத் தாமே ஒருமுறையேனும் கூறுதல்.
6. மீட்டல்: இடைவெளியை நீட்டித்துக்கொண்டே சென்று மீண்டும் நினைவுகூர்தல்.

கடைசிப் படி நினைவாற்றல் ஆய்விலிருந்து வந்தது. செருமானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885 இல் மறதி காலப்போக்கில் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அளந்து வெளியிட்டார். செருமானிய மொழி எழுத்தாளர் செபாஸ்தியன் லைட்னர் 1972 இல் அட்டைப் பெட்டி முறையை அறிமுகப்படுத்தினார். இம்முறையில் சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கும், தவறியது முதல் அறைக்கும் செல்லும். 2006 இல் வெளியான 'அன்கி' என்னும் மென்பொருள் இதே கொள்கையைக் கணினியில் செயற்படுத்துகிறது. அதன் பெயர் ஜப்பானிய மொழியில் மனனம் செய்தலைக் குறிக்கும். ஜப்பானிய மாணவர்கள் வளையத்தில் கோத்த சிறு அட்டைகளை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். இவை 'தங்கொச்சோ' எனப்படும்.

கைப்பேசியின் படக்கருவி மூலம் பலகைகளை உடனே மொழிபெயர்க்கும் வசதி, தேவையை அவ்வப்போது தீர்க்கிறது. ஊகித்தல் என்னும் படியைத் தாண்டிவிடுவதால், அதை மட்டும் நம்புவோர் அதே பலகையை மறுநாளும் படமெடுக்க நேர்கிறது. முதலில் ஊகித்துப் பின்னர் சரிபார்ப்பதற்கு அதைப் பயன்படுத்துவது நன்மை தரும்.

வரம்புகளும் எச்சரிக்கைகளும்

மதிப்புச் சொற்கள்: கடையில் கேட்பவை யாவும் வாடிக்கையாளரை உயர்த்திக் கூறும் மொழியாகும். அவற்றை அப்படியே திருப்பிக் கூறினால், பேசுபவர் தம்மையே உயர்த்திக்கொள்வதாக அமையும். எடுத்துக்காட்டாக, பிறர் உண்பதை உயர்வாகக் குறிக்கும் 'மெஷியகரு' என்னும் வினையைத் தமக்குப் பயன்படுத்தலாகாது. தமக்கு 'இத்ததக்கு' என்னும் பணிவு வினை உண்டு.

கதைமாந்தர் மொழி: அசைபடங்களிலும் வரைகதைகளிலும் முதியவர், வீரர், செல்வந்தர் வீட்டுப் பெண் போன்றோர் தத்தமக்கென வகுக்கப்பட்ட நடையில் பேசுகின்றனர். மொழியியலாளர் கின்சுயி சதோஷி இதற்குப் 'பாத்திர மொழி' என்று பெயரிட்டு 2003 இல் நூல் வெளியிட்டார். இந்நடையில் எவரும் நடைமுறையில் பேசுவதில்லை. மேலும் 'கிஸமா' போன்ற முன்னிலைச் சொற்கள் கடும் வசைக்கு ஒப்பானவை.

கடன்சொற்கள்: கத்தக்கானாவில் எழுதப்படும் ஆங்கிலக் கடன்சொற்கள் எளிதானவையாகத் தோன்றும். ஆயினும் பொருள் மாறியவை பல. 'மன்ஷொன்' மாளிகையன்று, அடுக்குமாடிக் குடியிருப்பு. 'கொன்ஸென்தோ' ஒப்புதலன்று, சுவரில் உள்ள மின்செருகி. எல்லாக் கடன்சொற்களும் ஆங்கிலத்திலிருந்து வந்தவையும் அல்ல. பகுதிநேர வேலையைக் குறிக்கும் 'அருபைத்தோ' செருமானியச் சொல். ரொட்டியைக் குறிக்கும் 'பன்' போர்த்துக்கீசச் சொல். இலங்கைத் தமிழில் வழங்கும் பாண் என்பதும் இதே மூலத்தைச் சேர்ந்தது.

வட்டார வழக்கு: ஒசாக்காவில் கேட்ட சொல் தோக்கியோவில் வழங்காமற் போகலாம். கூடாது என்பதைக் குறிக்கும் ஒசாக்காவின் 'அக்கன்', பொது வழக்கில் 'தமே' ஆகும்.

தமிழ் பேசுவோர் கவனிக்க வேண்டியவை

ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போன்றே வினை தொடரின் இறுதியில் வருகிறது. வேற்றுமை உருபுகள் பெயரைத் தொடர்ந்து வருகின்றன. எனவே கேட்ட தொடரைச் சொல்லுக்குச் சொல் வரிசை மாறாமல் விளங்கிக்கொள்வது தமிழருக்கு எளிதாக அமைகிறது.

எழுதி வைத்தலில் மட்டும் இடர் உண்டு. தமிழ் எழுத்து ககரத்தின் வல்லொலியையும் மெல்லொலியையும் வேறுபடுத்துவதில்லை. ஜப்பானிய மொழியில் இவ்வேறுபாடு பொருளை மாற்றும். இக்கட்டுரையிலேயே விரைவு வண்டியின் பெயரில் உள்ள 'கியூ', மாட்டிறைச்சியைக் குறிக்கும் 'கியூ' ஆகிய இரண்டும் தமிழில் ஒன்றுபோல் தோன்றும். ஜப்பானிய மொழியில் முன்னது வல்லொலி, பின்னது மெல்லொலி. ஒற்று இரட்டிப்பதும் அங்கே பொருள் வேறுபாடு தருவது. ஆனால் தமிழில் வல்லொலியைக் காட்டவே ஒற்று இரட்டிப்பதால், அவ்வேறுபாடும் மறைந்துவிடுகிறது. ஆகவே குறிப்பேட்டில் தமிழ் எழுத்தைப் பயன்படுத்துவோர், முதல் சில வாரங்களிலேயே ஹிரகானாவுக்கு மாறிவிடுவது நல்லது. ஊர் ஒலிபெருக்கியும் தொலைக்காட்சியும் பேரிடரின்போது பயன்படுத்துவது அந்த 46 எழுத்துக்களின் ஒலிகளையே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- ஜப்பானிய மொழி
- ஹிரகானா
- கத்தக்கானா
- கான்ஜி
- இரட்டைக்கிளவி
- ஆழிப்பேரலை